பாட்டுக்கென்று ஒரு தனிப் பெட்டி: மியூசிக் பிளேயர் வாங்குவதும் காப்பதும்

மூன்று வருடம் மேஜை இழுப்பறையில் கிடந்த என் பழைய பிளேயரைப் போன வருடம் எடுத்துப் பார்த்தேன். பின்மூடி பூரி மாதிரி உப்பி, திரை ஓரத்தில் பிளந்திருந்தது. பட்டன்கள் புதிதுபோல் இருந்தன, கீறல்கூட இல்லை. பேட்டரி மட்டும் செத்து, போகிற போக்கில் மற்றதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பழுது பார்க்கும் கடையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் பேட்டரி வராது சார்" என்று கையில் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பிளேயர் வாங்கப் போகும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். உள்ளே இருக்கும் ஒலிச் சிப் இருபது வருடம்கூட உழைக்கும். முந்திக்கொண்டு சாவது பேட்டரி. அடுத்து ஹெட்ஃபோன் ஜாக், சார்ஜ் போடும் துளை, பாட்டு தங்கும் நினைவகம். "சவுண்டு எப்படி?" என்று கேட்பதற்கு முன்னால் "இந்த நாலும் போனால் மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள்.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா?

ஸ்பாட்டிஃபையோ யூடியூப் மியூசிக்கோ போட்டு, புதுப் பாட்டு வந்த அன்றே கேட்கிறவர் என்றால் வேண்டாம். போனே போதும். இப்போதைய போனில் ஜாக் இல்லையென்றால், டைப்-சி துளையில் செருகும் சின்ன டாங்கிள் ஒன்று வாங்கினால் காரியம் முடிந்தது. பல ஆயிரம் மிச்சம்.

தனிப் பிளேயர் யாருக்கு? சொந்தமாகப் பாட்டு சேர்த்து வைத்திருப்பவருக்கு. வால்பாறை ஏறும் பஸ்ஸில் சிக்னல் போனாலும் பாட்டு போகக் கூடாது என்பவருக்கு. பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் நேரத்தில் லோன் வேண்டுமா என்று போன் வருவதைச் சகிக்காதவருக்கு. பிள்ளைக்குப் பாட்டு வேண்டும், போன் வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோருக்கும்தான்.

அம்மா அப்பாவுக்கு வாங்குவதானால் கதையே வேறு. அவர்களுக்கு மெனு, ஃபோல்டர் எதுவும் தேவையில்லை, திருகும் குமிழ் போதும். பழைய பாட்டுகளை ஏற்றியே விற்கும் ரேடியோ மாதிரிப் பெட்டியான சரிகமவின் கேரவான் 2017-இல் வந்தபோது ஓடியது அதனால்தான். தமிழ்ப் பதிப்பும் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் பாடல்களை நீங்கள் மாற்ற முடியாது. அவர்களுக்குப் பிடித்த வேறு பாட்டு வேண்டுமென்றால் பென் டிரைவில் ஏற்றிச் செருக வேண்டும். அதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

எந்த வகை?

சந்தையில் இருப்பவை மூன்று வகை. பட்டன் வைத்த எளிய பிளேயர்கள்: மெமரி கார்டில் இருப்பதைப் பாடும், வேறு எதுவும் தெரியாது. ஆண்ட்ராய்டு பிளேயர்கள்: சிம் இல்லாத போன் என்று சொல்லலாம், ஒலிப் பகுதி மட்டும் கவனமாகச் செய்யப்பட்டிருக்கும். மூன்றாவது, ஆப்பிளின் பழைய மியூசிக் பிளேயரான ஐபாட் போன்ற செகண்ட் ஹேண்ட் சரக்கு. அதற்குத் தனியாக வருகிறேன்.

சோனி 2023-இல் இந்தியாவில் இறக்கிய என்டபிள்யூ-ஏ306 வாக்மேனை ஆண்ட்ராய்டு வகைக்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வந்தபோது விலை 25,990 ரூபாய். 3.6 அங்குலத் திரை, ஆண்ட்ராய்டு 12. பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருக்கும், நமக்கு மிஞ்சுவது சுமார் 18. மிச்சத்தை ஆண்ட்ராய்டே தின்றுவிடும். கார்டு போடும் இடம் இருப்பதால் பிழைத்தோம். ஃபியோ, ஹைபை, ஷான்லிங் போன்ற சீன நிறுவனங்களும் இதே வகையில் பல விலைகளில் செய்கின்றன.

எனக்கு ஆண்ட்ராய்டு வகையில் ஒரு மனக்குறை உண்டு. வாங்கும் அன்றே அதன் ஆண்ட்ராய்டு பழசாக இருக்கும். நாலைந்து வருடத்தில் ஸ்ட்ரீமிங் ஆப்கள் "இந்தக் கருவியில் ஓடாது" என்று கைவிரித்துவிடும். கடைசி ஐபாட் டச் அப்படித்தான் ஐஓஎஸ் 15-ஓடு நின்றுபோனது. பட்டன் பிளேயரில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு எதுவும் தெரியாது என்பதால் எதுவும் பழசாவதும் இல்லை. கார்டில் சொந்தப் பாட்டு வைத்துக் கேட்பவர் என்றால் என் ஓட்டு பட்டனுக்கே. பாக்கெட்டுக்குள் கையை விட்டு, பார்க்காமலே அடுத்த பாட்டுக்குப் போகலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

ஆனால் பட்டன் பிளேயரில் தமிழருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது.

கடையில் தமிழைக் காட்டச் சொல்லுங்கள்

எளிய பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. பாட்டின் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும் எழுத்தைச் சேர்த்துக் காட்டும் அறிவு இருக்காது. "கொ" என்று எழுதியிருந்தால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்காராமல், ஒற்றைக்கொம்பு க-வுக்கு வலப்பக்கம் போய் நிற்கும். நூறு பாட்டுக்குள் தேடும்போது அது படுத்தும் பாட்டைப் பட்டவர்தான் சொல்ல முடியும்.

அதனால் கடைக்குப் போகும்போது ஒரு மெமரி கார்டில் ஐந்தாறு பாட்டு கொண்டு போங்கள். ஒன்றின் பெயர் "கொக்கு", இன்னொன்று "பௌர்ணமி", மூன்றாவது "ஸ்ரீ" என்று தொடங்கட்டும். பிளேயரில் போட்டுப் பாருங்கள். சரியாகத் தெரிந்தால் வாங்கலாம். தெரியாவிட்டால் ஒன்று விட்டுவிடுங்கள், இல்லை பாட்டுப் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ள மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நான் இரண்டாவதைச் செய்தேன். "Pa" என்பதா "Ba" என்பதா என்று இன்றும் தடுமாறுகிறேன். ஆண்ட்ராய்டு பிளேயரில் இந்தச் சிக்கல் வராது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே கார்டில், இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று தொடரும் இரண்டு டிராக்குகளையும் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரிப் பதிவு என்றால் நல்லது. ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் அரை நொடி மௌனம் விழுகிறதா என்று கேளுங்கள். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது பொருட்டே இல்லை. கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு அந்த அரை நொடி பல்லில் கல் கடித்த மாதிரி.

எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்

பெட்டியில் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். நம்மிடம் உள்ள சிடி எல்லாம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதைத் தப்பில்லாமல் வாசித்தால் போதும். உண்மையில் பார்க்க வேண்டியது, உங்கள் ஹெட்ஃபோனை அது தள்ளுமா என்பது. ஓம் என்பது ஹெட்ஃபோனின் மின்தடை அளவு. 16 அல்லது 32 ஓம் இயர்போனுக்கு எந்தப் பிளேயரும் போதும். 300 ஓம் பெரிய ஹெட்ஃபோன் வைத்திருந்தால் அதையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செருகிப் பாருங்கள். ப்ளூடூத்தில்தான் கேட்பேன் என்றால், எல்டிஏசி (ப்ளூடூத்தில் கூடுதல் தரத்தோடு பாட்டு அனுப்பும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோனிலும் அது இருந்தால்தான் பலன்.

மெமரி கார்டு: நான் ஏமாந்த இடம்

கணக்கு முதலில். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 12 எம்பி. அதே பாட்டு சிடி தரத்தில் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்பாக இருந்தால் ஏறக்குறைய 30 எம்பி. அப்படியானால் 128 ஜிபி கார்டில் எம்பி3 என்றால் பத்தாயிரம் பாட்டு, ஃபிளாக் என்றால் நாலாயிரம். பெரும்பாலானவருக்கு 128 தாராளம்.

நான் பேராசைப்பட்டு, ஆன்லைனில் பாதி விலைக்கு ஒரு 512 ஜிபி கார்டு வாங்கினேன். பாட்டெல்லாம் ஏறியது. கணினியும் 512 என்றுதான் காட்டியது. முதல் முப்பது ஜிபி வரை அருமை. அதற்குப் பிறகு ஏற்றிய பாட்டெல்லாம் தொட்டால் மௌனம். போலிக் கார்டு வேலை செய்யும் விதம் அப்படி. உள்ளே இருப்பது 32 ஜிபி, "நான் 512" என்று பொய் சொல்ல அதன் கட்டுப்பாட்டுச் சிப்பைப் பழக்கியிருப்பார்கள். கொள்ளளவுக்கு மேல் எழுதியது எங்கேயும் போவதில்லை, காற்றில் கரைகிறது.

எனவே புதுக் கார்டு வந்தவுடன், பாட்டு ஏற்றுவதற்கு முன் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. கார்டு முழுக்க எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடும். சில மணி நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்பது முக்கியம்.

இன்னொன்று: பழைய பிளேயர்கள் சில ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த கார்டைத்தான் படிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். செருகியதும் "கார்டு இல்லை" என்று வந்தால் கார்டு கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். ஃபேட்32-க்கு மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதுதான் விஷயம்.

பழைய ஐபாட் வாங்குவதானால்

முதல் ஐபாட் 2001 அக்டோபரில் வந்தது, 5 ஜிபி ஹார்டு டிஸ்க்கோடு. விரலால் சுற்றும் கிளிக் வீல் வைத்த ஐபாட் கிளாசிக்கை 2014-இல் நிறுத்தினார்கள். ஐபாட் என்ற பெயரே 2022-இல் முடிந்தது. ஆகவே இன்று கையில் கிடைக்கும் கிளாசிக் எதற்கும் பத்து வயதுக்கு மேல். ஆனாலும் நான் அதை விரும்பக் காரணம் தொடக்கத்தில் சொன்னதுதான். பேட்டரி தனியாக வாங்கக் கிடைக்கிறது, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு பொருத்தும் அடாப்டர்கள் கிடைக்கின்றன, ஜாக் மாற்றலாம். சாகிற பாகம் எதுவாக இருந்தாலும் மாற்றலாம்.

விற்பவரை நேரில் சந்தியுங்கள். உங்கள் ஹெட்செட்டை எடுத்துப் போங்கள். முதலில் மேலே இருக்கும், பட்டன்களைப் பூட்டும் ஹோல்டு ஸ்விட்சைத் தள்ளிப் பாருங்கள், கிளாசிக்கில் அடிக்கடி போவது அது. பாட்டை ஓடவிட்டு, ஜாக்கில் செருகிய பின்னை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு காதில் சத்தம் போய்ப் போய் வந்தால் ஜாக் தேய்ந்துவிட்டது, விலையைக் குறைக்கச் சொல்ல நியாயம் உண்டு. வீலை நாலு சுற்று சுற்றுங்கள், மெனு குதிக்கக் கூடாது.

அடுத்தது ஹார்டு டிஸ்க். மெனு பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஐபாட் மறுபடி தொடங்கும். ஆப்பிள் சின்னம் வந்ததும் கையை மாற்றி, நடுப் பட்டனையும் பின்செல்லும் பட்டனையும் பிடியுங்கள். சோதனை மெனு வரும். அதில் ஐஓ, பிறகு ஹார்டு டிரைவ், பிறகு ஸ்மார்ட் டேட்டா என்று போனால் டிஸ்க்கின் ஜாதகம் தெரியும். டிஸ்க்கில் கெட்ட இடங்களையும் கெட்டதாகச் சந்தேகப்படும் இடங்களையும் எண்ணும் ரீஅலாக்ஸ், பெண்டிங் செக்டார்ஸ் என்ற இரண்டு வரிகளில் பூஜ்ஜியம் இருந்தால் நிம்மதி. நூற்றுக்கணக்கில் இருந்தால் டிஸ்க் நாள் எண்ணுகிறது. எஸ்டி அடாப்டர் போடத்தான் போகிறீர்கள் என்றால் இந்த எண் உங்களுக்குப் பேரம் பேசுவதற்கான கருவி மட்டுமே.

இரண்டு எச்சரிக்கை. கிளாசிக்கின் உடல் உலோகம், உள்பக்கம் கொக்கிகளால் இறுக்கியிருப்பார்கள். முதல்முறை திறப்பவர் கையில் அது நெளியாமல் வராது. அனுபவமுள்ள ஆளிடம் கொடுங்கள். சென்னையில் என்றால் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரிக்கலாம். அதற்கு முந்தைய ஐந்தாம் தலைமுறை ஐபாட் திறப்பதற்கு எளிது. ஐபாட் டச் வாங்குவதானால், பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். "வீட்டுக்குப் போய் நீக்கிடறேன்" என்பார்கள். வேண்டாம். கணக்கோடு பூட்டியிருந்தால் அது வெறும் கண்ணாடித் துண்டு.

ஐபாடின் சொந்த மென்பொருள் ஃபிளாக் கோப்பைப் பாடாது. ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் பாடும். கோப்புகளை இழுத்துப் போட்டால் போதும், பாட்டு ஏற்ற ஆப்பிளின் ஐட்யூன்ஸ் நிரலும் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லும் முன்

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வாக்மேன் கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. இன்றும் சொல்லிவிடலாம், ஆனால் எந்த நாட்டுச் சரக்கு என்று பாருங்கள். ஐரோப்பாவில் விற்கும் வாக்மேன்களில் அங்குள்ள விதிப்படி சத்தத்துக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், பெரிய ஹெட்ஃபோனுக்குப் போதாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய வாக்மேன்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான். அப்புறம், யூஎஸ்பி டைப்-சி வருவதற்கு முந்தைய வாக்மேன்கள் பலவற்றுக்குச் சோனியின் தனிக் கேபிள் வேண்டும். அது தொலைந்தால் பிளேயர் அனாதை. வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி.

பாட்டை அடுக்குவது

பிளேயர்கள் மேல்நாட்டுப் பழக்கப்படி பாடகர் பெயரை வைத்துத்தான் பாட்டைப் பிரிக்கும். நாம் தேடுவது இசையமைப்பாளரையும் படத்தையும். ஒரே படத்தில் ஐந்து பாட்டுக்கு ஏழு பாடகர்கள் இருந்தால், பிளேயர் அந்தப் படத்தை ஏழாக வெட்டிப் போட்டுவிடும். இதற்கு மருந்து "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்ற கட்டம். அதில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், "ஆல்பம்" கட்டத்தில் படத்தின் பெயரும் வருடமும். ஒரே பெயரில் இரண்டு படம் வரும் ஊர் நம் ஊர் என்பதால் வருடம் அவசியம். பாடகர் பெயர் "ஆர்ட்டிஸ்ட்" கட்டத்திலேயே இருக்கட்டும். எம்பி3டேக் என்ற இலவச நிரலில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் மாற்றலாம். ஒருவர் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். முதலெழுத்துக்குப் பின் புள்ளி, இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட பிளேயர் வேறு ஆளாக எண்ணிக்கொள்ளும்.

வீட்டில் சிடி இருந்தால் ஃபிளாக்காக எடுத்து வையுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி நல்ல நிரல். ஸ்ட்ரீமிங் ஆப்பில் "டவுன்லோடு" செய்த பாட்டு பூட்டிய கோப்பு, அதை எடுத்து இந்தப் பிளேயரில் போட முடியாது.

எல்லாம் அடுக்கி முடித்ததும் முழுத் தொகுப்பையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பிளேயர் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். மூன்று மாதம் உட்கார்ந்து திருத்திய பெயர்களை மறுபடி யார் திருத்துவது? கார்டைக் கணினியிலிருந்து பிடுங்காமல், வெளியேற்றச் சொல்லிவிட்டு எடுங்கள்.

இனி, காப்பது

வெயில் முதல் எதிரி. மே மாதம் மூடி நிறுத்திய காருக்குள் பிளேயரை விடாதீர்கள், டாஷ்போர்டு மேல் கனவிலும் வேண்டாம். லித்தியம் பேட்டரியின் ஆயுளைச் சூடு தின்பது போல வேறெதுவும் தின்பதில்லை. சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வைப்பதும் அதே தப்பு. வெயிலில் சுற்றிவிட்டு வந்தால், கொஞ்சம் ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைந்த பிளேயர்கள் சில, இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. செத்துவிட்டது என்று கடைக்கு ஓடும் முன், ஒரு பக்கம் பழைய தட்டையான யூஎஸ்பி உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள். சாதாரண 5 வோல்ட் சார்ஜர் போதும்.

அடுத்து வியர்வையும் உப்புக்காற்றும். கடலோர ஊர்களில் ஜாக்கின் உள்பக்கம் மெல்லக் கறுத்துவிடும். பாட்டில் கரகரப்பு வந்தால் பாதி நேரம் அழுக்குதான். பல் இடுக்குத் துலக்கும் மெல்லிய பிரஷ்ஷில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, பிளேயரை அணைத்துவிட்டு, ஜாக்குக்குள் இரண்டு சுற்று சுற்றி உலரவிடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். சட்டைப் பையில் வைக்கும்போது வியர்வை படும் பக்கம் ஜாக் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கை உடைப்பது பெரும்பாலும் பேன்ட் பாக்கெட். நேரான பின் செருகியபடி உட்கார்ந்தால் நெம்புகோல் போல் அது உள்ளே இருக்கும் சால்டரை நெம்பும். எல் வடிவப் பின் உள்ள ஹெட்செட் வாங்குங்கள், இல்லை கழற்றிவிட்டு உட்காருங்கள். கேபிளைப் பிளேயர் மேல் இறுக்கிச் சுற்றும் பழக்கம் எனக்கும் இருந்தது. இரண்டு ஹெட்செட் போன பிறகு விட்டேன்.

உறை போடுங்கள், ஆனால் சிலிக்கான் உறையை மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். உள்ளே சேரும் மணலே கீறல் போடும். சாவியும் சில்லறையும் இருக்கும் பையில் பிளேயருக்கு இடமில்லை.

தண்ணீரில் விழுந்தால் உடனே அணையுங்கள். ஓடுகிறதா என்று பார்க்க மறுபடி போடாதீர்கள், சார்ஜ் குத்தாதீர்கள். கார்டை எடுத்துவிட்டு, துடைத்து, திறந்து உலர்த்தத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் பயன் இல்லை, அரிசித் தூள்தான் துளைக்குள் போகும்.

காதும் காக்க வேண்டிய பொருள்தான். உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட நேரம் வேகமாகச் சுருங்கும். பஸ் இரைச்சலை மீறச் சத்தத்தைக் கூட்டுவதைவிட, காதை நன்றாக அடைக்கும் இயர்போன் ரப்பர் வாங்குவது மேல்.

கடைசியாக, என் பிளேயர் செத்த கதைக்கு வருகிறேன். பல மாதம் தொடப்போவதில்லை என்றால், முழுக்க ஏற்றியும் வைக்காதீர்கள், சுத்தமாக இறக்கியும் வைக்காதீர்கள். பாதி சார்ஜில் அணைத்து, சூடில்லாத இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மீண்டும் பாதிக்கு ஏற்றுங்கள். மின்கட்டணம் கட்டும் அன்று என்று நான் வைத்துக்கொண்டேன், மறப்பதில்லை. மூடி லேசாக மேலெழும்பினாலோ திரை ஓரத்தில் வெளிச்சம் கசிந்தாலோ அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உப்பிய பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்க்க வேண்டும்.

வாங்கிய அன்றே பில்லையும் பின்பக்கத்துச் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். அந்தச் சீரியல் எண் சின்ன எழுத்தில் இருக்கும், இரண்டு வருடத்தில் தேய்ந்தே போய்விடும்.